அண்ணியின் பரு ரப்பர்

ஜனவரி 9

அண்ணி,

வேறு எப்படி அழைப்பதென்று தெரியவில்லை, அதனால் பழையபடியே. மூன்று வருடம் கழித்துக் கடிதம் வந்ததும் பயந்துவிடாதீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டத்தில் ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

உங்கள் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய், எக்ஸ்ரே அறையில் உங்கள் இடத்துக்கு வந்திருப்பவரிடம் கெஞ்சி முகவரி வாங்கினேன். போன் நம்பரும் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். போனில் நீங்கள் ஒரு முறை "ம்" என்றால் போதும், சொல்ல வந்தது எனக்கு மறந்துவிடும்.

விஷயம் இதுதான். என் வலது தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது. பகல் முழுக்கக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்ததும், சாயங்காலம் மன்றத்தில் டேபிள் டென்னிஸ் மேசையில் கையை வீசி வீசிப் பந்தைச் சுழற்றியதும் சேர்ந்து வேலையைக் காட்டிவிட்டன. டாக்டர் என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இடுப்புலேர்ந்து தலைக்கு மேல வீசுற ஆட்டமெல்லாம் இனிமே கிடையாதும்மா, விட்டுடுங்க" என்றார். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை நான் வேறு எங்கே போவேன் என்று அவரிடம் கேட்க முடியவில்லை.

மன்றச் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். "உங்க அண்ணி மாதிரி மட்டையில குட்டைப் பரு ரப்பர் போட்டுக்கோங்களேன், வீசவே வேண்டாமே" என்றார். நீங்கள் போன பிறகு மன்றத்தில் யாரும் உங்களைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒன்பது வருடம் உங்களோடு இரட்டையர் ஆடியிருக்கிறேன். நீங்கள் மேசையோடு ஒட்டி நின்று பட்டென்று அடித்து விலகுவீர்கள், நான் பின்னாலிருந்து வந்து சுழற்றுவேன். உங்கள் மட்டையில் இருந்த அந்த ரப்பர் என்ன செய்கிறது என்று ஒரு நாளாவது கேட்டேனா? இப்போது வாங்கி ஒட்டிவிட்டேன். பருக்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றன. முகத்தில் பரு வந்த வயதில்கூட நான் இவ்வளவு அழுததில்லை. அடிக்கிற பந்தில் பாதி வலையில், மீதி மின்விசிறியில்.

எப்படி ஆடுவது என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உங்கள் வாயாடி


ஜனவரி 23

உன் கடிதம் கிடைத்தது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஸ்பாஞ்ச் எவ்வளவு தடிமன் என்று நீ எழுதவில்லை. கடைக்காரர் உன் தலையில் கட்டியது இரண்டு மில்லிமீட்டராகத்தான் இருக்கும். ஒன்றரைக்கு மாற்று. தடித்த ஸ்பாஞ்சில் பந்து உன்னைக் கேட்காமல் துள்ளும். பரு ரப்பர் ஃபோர்ஹேண்ட் பக்கம் இருக்கட்டும். பேக்ஹேண்டில் உன் பழைய வழுவழு ரப்பரையே வைத்துக்கொள். சர்வீஸ் போட அது வேண்டும். மட்டையைக் கையிலேயே திருப்பிப் பிடிக்கப் பழகு.

வழுவழு ரப்பர் பந்தைக் கவ்விப் பிடித்துச் சுழற்றி அனுப்பும். பரு கவ்வாது. பட்டதும் விட்டுவிடும். நீ பழைய ஞாபகத்தில் கீழிருந்து மேலே தேய்க்கிறாய், அதனால்தான் வலை. முன்னால் தள்ளு. கை ஒரு முழத்துக்கு மேல் போகக் கூடாது. மேசைக்கு ஓர் அடி நெருங்கி நில். பந்து இறங்கி வரட்டும் என்று காத்திருந்து பழகியவள் நீ. இதில் அது நடக்காது. பந்து துள்ளி உச்சிக்கு வரும்போதே அடித்துவிட வேண்டும். முடிந்தால் அதற்கும் ஒரு கணம் முன்னால்.

எதிராளியின் சுழற்சி இந்த ரப்பரில் பாதிதான் எடுபடும். பந்தின் அடிப்பக்கத்தை வெட்டி அனுப்பினால் பயந்து பயந்து தள்ளாதே. மட்டையின் முகத்தைக் கொஞ்சம் மேல்நோக்கித் திறந்து பிடித்து நேராக அடி. போகும்.

தோளுக்கு ஸ்கேன் எடுத்தாயா? கிழிந்த தசைநார் எங்கள் படத்தில் தெரியாது, எலும்பு மட்டும்தான் தெரியும். வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்காதே.

நான் இங்கே யாருடனும் ஆடுவதில்லை. இந்த ஆஸ்பத்திரியின் ஊழியர் ஓய்வறையில் ஒரு மேசை கிடக்கிறது. அதன் மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மதிய இடைவேளையில் அவற்றை இறக்கி வைத்துவிட்டு, மறுபாதி மேசையைச் செங்குத்தாக நிமிர்த்தி அதன் மேல் அடிப்பேன். முப்பது நிமிடம். பிறகு பெட்டிகளை இருந்தபடியே அடுக்கிவிடுவேன்.


பிப்ரவரி 11

அண்ணி,

முழுசாக ஒரு தாள், இரண்டு பக்கமும். அரைப் பக்கம் வந்தாலே பெரிது என்று நினைத்திருந்தேன்.

இரண்டு மில்லிமீட்டர்தான். மாற்றிவிட்டேன். நெருங்கி நின்றேன். முதல் வாரம் பந்து மூக்கிலும் நெற்றியிலும் பட்டது. கடையில் ஒரு வாடிக்கையாளர், "கண்ணாடி கடைக்காரம்மா, உங்களுக்கே கண்ணு தெரியலையா?" என்று கேட்டார். இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம் செயலாளர் நன்றாக வெட்டி ஒரு சர்வீஸ் போட்டார். நீங்கள் சொன்னபடி மட்டையைத் திறந்து நேராக அடித்தேன். பந்து தாழ்ந்து போய் மேசையில் வழுக்கியது. அவர் மட்டையைத் தூக்கக்கூட இல்லை. "இது அவங்க அடி" என்று மட்டும் சொன்னார். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது இன்னொரு சிக்கல். நீங்கள் போன பிறகு சேர்ந்த ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற தபால்காரர். எதை அனுப்பினாலும் திரும்பி வருவதால் அவருக்குச் "சுவர்" என்று பெயர். மெதுவாக, சுழற்சியே இல்லாமல், செத்த பந்தாக அனுப்புகிறார். வேகமாக வருகிற பந்தையெல்லாம் அடித்துவிடுகிறேன், இவருடைய பந்தில் மட்டும் தோற்றுப்போகிறேன். என்ன செய்வது?

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நான் வாயாடி.

அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் மட்டும்தான். அண்ணன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவான். மூவரும் நாற்காலி நுனியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போனதும் வீடு முன்பைவிடப் பெரிதாகிவிடும். கூடத்து விளக்கு, சமையலறை விளக்கு இரண்டையும் போட்டு வைக்கிறேன்.

அம்மாவுக்குக் கடைசி மாதம் நினைவு தப்பித் தப்பி வந்தது. ஆறு மணி ஆனதும் வாசலைப் பார்ப்பார். "அவ ஆடப் போயிருக்காளா? இன்னும் வரலையா?" என்று கேட்பார். என்னைப் பற்றியல்ல, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். "வந்துடுவாங்கம்மா" என்பேன். உங்கள் பழைய ஆஸ்பத்திரி மூலமாகச் சொல்லி அனுப்பினேன். நீங்கள் வரவில்லை. இறந்த பிறகும் சொல்லி அனுப்பினேன். அதற்காவது வருவீர்கள் என்று அன்று முழுக்கத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கலாம். அம்மா உங்களுக்கு என்ன செய்தார்?

இந்தப் பகுதியைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். பின்பக்கத்தில் சுவரைப் பற்றி எழுதியிருப்பதால் கிழிக்க முடியவில்லை.


மார்ச் 2

முதலில் சுவர்.

செத்த பந்துதான் பரு ரப்பருக்குக் கஷ்டம். வேகமான பந்தில் நீ எதிராளியின் வேகத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறாய். அவர் ஒன்றும் கொடுக்காதபோது எல்லாவற்றையும் நீயே கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைத் தோளிலிருந்து கொடுக்கப் பார்க்கிறாய். காலால் கொடு. பந்து வரட்டும் என்று நிற்காமல் நீ பந்திடம் போ. ஒவ்வொரு பந்தையும் முழுப் பலத்தோடு அடிக்காதே. பத்தில் ஆறு பங்கு பலம் போதும். மூலையைத் தேடாதே, அவருடைய முழங்கையைப் பார்த்து அடி. எந்தப் பக்கம் மட்டையைத் திருப்புவது என்று அவர் யோசிக்கட்டும். இரண்டு பந்தை இப்படி அடித்துவிட்டு மூன்றாவதை வலையோரம் மெதுவாக வை.

அடுத்தது.

அத்தை படுத்திருந்தபோது நீ சொல்லி அனுப்பியது எனக்கு வந்து சேரவில்லை. போன பிறகு சொன்னது வந்தது. உடனே கிளம்பினேன். ஒன்பது மணி நேரம் பயணம் செய்து, உங்கள் தெருமுனை வரை வந்தேன். மருந்துக்கடையோரம் நின்று பார்த்தேன். வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் அவள். வயிறு தெரிந்தது. உள்ளே மருமகள் நிற்கிற இடம் ஒன்றுதான். அங்கே ஆள் இருந்தது. நான் எங்கே நிற்பது? பக்கத்து வீட்டாரோடா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் என்றா?

அரை மணி நேரம் நின்றேன். மருந்துக்கடைக்காரர், "என்னம்மா வேணும்?" என்றார். தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அத்தை எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஆடிவிட்டு வரும்போது எனக்கு வெந்நீர் போட்டு வைத்திருப்பார். உன்னைவிட எனக்குத்தான் முதலில் கொடுப்பார். நீ சண்டை போடுவாய்.

வேறு எழுத முடியவில்லை.


மார்ச் 15

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த மருந்துக்கடை வரை நடந்துபோய் நின்று பார்த்தேன். அங்கிருந்து எங்கள் வாசல் நன்றாகவே தெரிகிறது. வாசலிலிருந்து அந்த இடம் தெரிவதில்லை. நடுவில் மின்கம்பம் மறைக்கிறது. நான் அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அண்ணி.

சுவரை நேற்று ஜெயித்தேன். மூன்றுக்கு இரண்டு. முழங்கையைக் குறிவைத்து அடித்தபோது மனிதர் மட்டையை இப்படியும் அப்படியும் திருப்பி, கடைசியில் வயிற்றால் பந்தைத் தடுத்தார். "முப்பத்தஞ்சு வருஷம் நாய்ங்ககிட்டேர்ந்து தப்பிச்சேன், உங்ககிட்டேர்ந்து முடியலை" என்றார்.

இப்போது ஒரு தப்புச் செய்துவிட்டேன், திட்டிவிட்டு மேலே படியுங்கள். ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான போட்டி நடக்கிறது. ஊர் உங்களுக்கும் எனக்கும் சரிபாதி தூரத்தில் இருக்கிறது. இரட்டையர் பிரிவில் நம் இருவருக்கும் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். உங்கள் கையெழுத்தை நானே போட்டேன். ஒன்பது வருடம் ஸ்கோர் தாளில் பார்த்த கையெழுத்து, நன்றாகவே வந்தது.

வராவிட்டால் தனியாளாகப் போய் நிற்பேன். இரட்டையர் போட்டியில் ஒற்றை ஆளாக நிற்பவளைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். பரவாயில்லை.


மார்ச் 28

வாயாடிக்கு,

கையெழுத்துப் போட்டது தப்பு. செய்யக் கூடாத காரியம்.

வருகிறேன். காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுவேன். பழைய கதை எதையும் பேசக் கூடாது. ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசலாம். ஒப்புக்கொண்டால் வருகிறேன்.

ஒரு விஷயத்தை நீ யோசிக்கவில்லை. முன்பு நான் முன்னால், நீ பின்னால். இப்போது இருவருமே மேசையோடு ஒட்டி நிற்பவர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் அடிக்க வேண்டிய ஆட்டத்தில் இது ஆபத்து. நிச்சயம் இடித்துக்கொள்வோம். அடித்த உடனே பக்கவாட்டில் விலகிவிடு. நின்று அழகு பார்க்காதே, உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. நான் இடப்பக்கம் விலகுகிறேன், நீ வலப்பக்கம்.

இன்று ஓய்வறையில் தனியாக அடித்துக்கொண்டிருந்தபோது, "நல்ல பந்து" என்று யாரோ சொன்னதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. சொன்னது நான்தான். காலையிலிருந்து "மூச்ச இழுங்க, அடக்குங்க, விடுங்க" என்பதைத் தவிர வேறெதுவும் பேசியிருக்கவில்லை. அதனால் என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை.


மே 6

அண்ணி,

பத்து நாள் ஆகிறது. நீங்கள் எழுதுவீர்கள் என்று பார்த்தேன். சரி, நானே எழுதுகிறேன்.

முதல் கேமில் நாம் நான்கு முறை இடித்துக்கொண்டோம். உங்கள் முழங்கை என் விலாவில் பட்ட இடம் இன்னும் பச்சையாக இருக்கிறது. நடுவர் அம்மா, "நீங்க ரெண்டு பேரும் ஒரே டீம்தானே?" என்று கேட்டபோது நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் முன்பல் ஒன்றைக் கட்டியிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் பார்த்தேன். எப்போது விழுந்தது, யார் உங்களோடு பல் டாக்டரிடம் வந்தார்கள் என்று கேட்க நினைத்தேன். பழைய கதையில் சேருமோ என்று கேட்கவில்லை.

இரண்டு சுற்று ஜெயித்தோம். காலிறுதியில் ஐந்தாவது கேம், ஒன்பதுக்கு ஒன்பது. அந்த நெட்டைப் பெண்மணி ஒரு செத்த பந்தை அனுப்பினார். என் பந்து. நான் காலால் போயிருக்க வேண்டும். நின்றுவிட்டேன். அடுத்த பந்தில் ஆட்டம் முடிந்தது. நீங்கள் என் முதுகில் தட்டி, "பரவால்ல விடு, நல்லாத்தான் ஆடின" என்றீர்கள். அம்மா போன பிறகு என்னை யாரும் தொட்டதில்லை அண்ணி, அந்த டாக்டரைத் தவிர.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் அன்றே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். "டீ வாங்கிட்டு வரேன்" என்று போனேன். திரும்பி வந்தபோது உங்கள் நாற்காலி காலி. பையும் இல்லை. பேருந்து நிலையம் எதிரிலேயே இருந்ததால் அங்கேயும் வந்து தேடினேன்.

அன்று சொல்ல இருந்ததை இப்போது எழுதுகிறேன். நீங்கள் வீட்டை விட்டுப் போன அன்று, சமையலறையில் துணி மடித்துக்கொண்டே கேட்டீர்கள்: "உங்க அண்ணன் விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமா?" நான், "தெரியாது அண்ணி" என்றேன்.

தெரியும். செப்டம்பர் மாதமே அண்ணன் கண்ணாடிக் கடைக்கு வந்து சொல்லிவிட்டான். "நானே அவகிட்ட சொல்றேன், அதுவரைக்கும் நீ வாயத் திறக்காத" என்றான். நீங்கள் போனது ஏப்ரலில். ஏழு மாதம் தினமும் சாயங்காலம் உங்கள் பக்கத்தில் நின்று ஆடினேன். உங்கள் தோளில் கை போட்டுக்கொண்டு படிக்கட்டு இறங்கினேன். சொன்னால் நீங்கள் போய்விடுவீர்கள். நீங்கள் போனால் அம்மா ஒடிந்துபோவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா காரணம் இல்லை. நான்தான். நீங்கள் போனால் எனக்கு யாரும் இல்லை.

அண்ணன் செய்தது அவன் பாவம். ஏழு மாதம் உங்களை முட்டாளாக நிற்க வைத்தது நான். மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.


மே 20

வாயாடிக்கு,

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். நான் முட்டாளாக நிற்கவில்லை. எனக்கும் தெரியும்.

அக்டோபர் இரண்டாவது வாரம் ஒரு பெண் எக்ஸ்ரே எடுக்க வந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்தது. தனியாக வந்திருந்தாள். படிவத்தை இடது கையால் கோணல்மாணலாக நிரப்பியிருந்தாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்ற இடத்தில் உன் அண்ணனின் எண் இருந்தது. எனக்கு மனப்பாடமான எண். உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுதியிருந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துத் தட்டின் மேல் சரியாக வைத்தேன். "மூச்ச அடக்குங்க" என்றேன். கைக்கு எடுக்கும்போது மூச்சை அடக்க வேண்டியதில்லை. அவள் பாவம், அடக்கிக்கொண்டாள். படம் தெளிவாக வந்தது. எலும்பில் சின்ன விரிசல்.

அன்று சாயங்காலமும் ஆறு மணிக்கு மன்றத்துக்கு வந்தேன். நீ மூன்று சர்வீஸை வரிசையாக வலையில் போட்டாய். என் முகத்தைப் பார்க்காமல் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு மாதமாகவே நீ அப்படித்தான் இருந்தாய். ஏன் என்று அன்றுதான் புரிந்தது. உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மறுநாள் சாயங்காலம் எனக்கு இருந்திருக்காது. வீட்டில் அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஆறு மணி வரட்டும் என்று இருந்தேன். அப்படியே ஆறு மாதம். இந்த விஷயத்தில் நீயும் நானும் ஒன்றுதான்.

பிறகு அவரே சொல்லிவிட்டார். கிளம்பும்போது உன்னிடம் கேட்டேனே, அது தெரிந்துகொள்வதற்காக அல்ல. நீ "தெரியும்" என்று சொன்னால், அந்த வீட்டில் என்னிடம் பொய் சொல்லாத ஒருவராவது இருந்தார் என்று நினைத்துக்கொண்டு போகலாம் என்று இருந்தேன். நீ தெரியாது என்றாய். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் மூன்று வருடமாக விழுங்க முடியவில்லை. இப்போது எழுதிவிட்டாய். போதும்.

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். போட்டி அன்று நீ டீ வாங்கப் போனபோதே, உன் முகத்தைப் பார்த்து நீ என்ன சொல்லப்போகிறாய் என்று புரிந்துவிட்டது. கேட்கத் தைரியம் இல்லாமல் ஓடிவந்து பேருந்தில் ஏறிவிட்டேன். அது கிளம்ப நாற்பது நிமிடம் இருந்தது. நீ நிலையத்துக்குள் வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு கையிலும் டீ. ஒவ்வொரு பேருந்தாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாய். என் பேருந்துக்கு இரண்டு பேருந்து முன்னாலேயே நின்றுவிட்டாய். ஒரு டீயைக் குடித்தாய். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றையும் நீயே குடித்தாய். பிறகு டிக்கெட் வரிசையில் போய் நின்றாய். நான் இறங்கியிருக்கலாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். அதற்காக என்னை மன்னித்துவிடு.

அந்த ஊருக்கு நான் இனி வர மாட்டேன். அந்தத் தெருவில் நடக்க என்னால் முடியாது. நீ இங்கே வரலாம். ஜூன் மாதம் இரண்டாவது சனி, ஞாயிறு எனக்கு விடுப்பு. கடையில் திங்கட்கிழமையும் கேட்டுப் பார். அறை சிறியது, கட்டில் ஒன்றுதான். உனக்குத் தோள் சரியில்லாததால் நான் தரையில் படுத்துக்கொள்கிறேன், அதற்குச் சண்டை போடக் கூடாது. உன் மட்டையைக் கொண்டு வா. முதல் பேருந்து இங்கே பிற்பகல் மூன்றரைக்கு வரும். நான் மூன்று மணிக்கே வந்து நிற்பேன்.

அண்ணி